நானூற்றுப் பன்னிரண்டு பேரின் சுண்டுவிரல்

எங்கள் ஊரில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ரத்தச் சர்க்கரை அளவு. கிராமசபையில் தீர்மானம் போட்டுப் பொதுவாக்கிவிட்டோம். கண்மாய் பொதுவாக இருப்பதுபோல.

ஊருக்காகக் குத்தப்படும் விரல் என்னுடையது. தினமும் காலையில் நர்ஸ் மரகதம் வந்து குத்துவார். அளவைத் தண்ணீர்த் தொட்டியில் நான் எழுதுவேன். பக்கத்து ஊர்க்காரர்கள் சைக்கிளை நிறுத்திப் படித்துவிட்டுப் போவார்கள்.

திங்கட்கிழமை 231.

அன்றுதான் பவுனம்மா அக்காவின் இடது கால் சுண்டுவிரல் கறுத்தது. நடவில் ஊருக்கே முதல் ஆள் அவள். சில வருடங்களாக அந்த விரலில் முள் குத்தினாலும் அவளுக்குத் தெரியாது.

டாக்டர் பார்த்தார்.

"வெள்ளிக்கிழம நூத்தி நாப்பதுக்குக் கீழ வந்தா விரல் இருக்கும். இல்லன்னா எடுத்துருவேன்."

"என் சக்கரையா, ஊர்ச் சக்கரையா?" என்றாள் அக்கா.

"உங்க ஊர்ல வேற சக்கரை ஏதும்மா?"

அன்றே வேலையில் இறங்கினோம். சோற்றைக் குறைத்தோம். டீக்கடையைத் தினமும் இரண்டு மைல் தள்ளி வைத்தோம். சீனி போடாத டீக்கு ஊரே நடந்து போனது. புதன்கிழமை கடை அடுத்த தாலுகாவில் இருந்தது.

செவ்வாய் 198. புதன் 171.

வியாழனும் 171.

"எவனோ திங்கிறான்," என்றாள் அக்கா. "நாக்க நீட்டுங்கய்யா எல்லாரும்."

ஊர் மந்தைத் திடலில் வரிசையாக நின்று நீட்டினோம். மரகதம் டார்ச் அடித்துப் பார்த்தார். நானூற்றுப் பதினோரு நாக்கு. எல்லாம் சுத்தம். பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

மிச்சம் காளியாத்தா. அவள் கோயிலில் நாக்கை நீட்டியபடியே இருந்தாள். நுனியில் சர்க்கரைப் பொங்கல் ஒட்டியிருந்தது.

பூசாரி தலையைக் குனிந்துகொண்டார். "ஆத்தாவ நான் பத்தியத்துல சேக்கலைங்க."

"கும்புடறதுக்கு மட்டும் சேத்துக்கிட்டீராக்கும்?"

அக்கா சந்நிதிக்கு எதிரே உட்கார்ந்தாள். காலை நீட்டி விரலைக் காட்டினாள்.

"ஆத்தா, இது உனக்கும் விரல்தான். பாத்துக்க."

காளியாத்தா நாக்கை உள்ளே இழுத்து வாயை மூடினாள். பிறகு எங்களோடு டீக்கடைக்கு நடந்தாள். போக வரப் பதினாறு மைல். பாதி வழியில் சூலத்தை நான் வாங்கிக்கொண்டேன்.

வெள்ளி 138.

தொட்டியில் வழக்கத்தைவிடப் பெரிதாக எழுதினேன்.

ஊரே ஆஸ்பத்திரிக்குப் போனது. டாக்டர் கத்தியை மேசைக்குள் வைத்துவிட்டு ஒரு படிவத்தை எடுத்தார்.

"விரல் யார் பேர்ல?"

"ஊர் பேர்ல," என்றேன்.

"நாலெல்லை?"

"மேற்கே செருப்பு வார். கிழக்கே அடுத்த விரல். வடக்கே நகம். தெற்கே பாதம்."

எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். ஆத்தா எட்டுக் கைகளில் ஒன்றால் கைநாட்டு வைத்தாள். எந்தக் கை என்று டாக்டர் கேட்கவில்லை.

திரும்பும் வழி கருவேலங்காடு. முன்னால் நடந்த அக்கா "ஸ்ஸ்" என்று நின்றாள். சுண்டுவிரலில் முள்.

நானூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் இடது காலைத் தூக்கினோம். ஆத்தாவும் அதில் ஒருத்தி.

"வலிக்குதாக்கா?" என்று கேட்டார் மரகதம்.

"நல்லா வலிக்குதுடி."

அக்கா திரும்பி எங்களைப் பார்த்தாள். வரிசை நேராக இருந்தது. யாரும் காலை முதலில் இறக்கவில்லை.