ரேணுகா வீட்டின் கொள்ளளவு

ஏழாவது தடவை ரோடு போட்டு முடித்தபோது ரேணுகாவின் வீட்டு மொட்டை மாடியும் ரோடும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டன. கொடிமணிவாக்கத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஊர் வளர்கிறது. வளரும் ஊரில் பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுப் புதுசு போட யாருக்கு நேரம் இருக்கிறது? மேலேயே போடுகிறார்கள்.

முதலில் வாசற்படி போயிற்று. அப்புறம் வாசல் போயிற்று. ஜன்னலில் கொஞ்ச நாள் ஜனங்களின் கால்கள் தெரிந்தன. பிறகு வெறும் ஜல்லி தெரிந்தது. ஜன்னல் திரையை மட்டும் ரேணுகா வாரம் தவறாமல் துவைத்து மாட்டினாள்.

எதிர்வீட்டுப் பத்மாசனி ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிக்கொண்டாள். முந்தின நாள் வரை ரேணுகாவிடம் கறிவேப்பிலை கேட்டு வந்தவள், தூக்கின மறுநாளிலிருந்து குனிந்து பேசுவதில்லை. கழுத்து வலியாம். நல்ல வலி!

இப்போது வெளியே போவதென்றால் மாடிப்படி ஏறி, மேலே இருக்கும் துளை வழியாகத் தலையை நீட்ட வேண்டும். பைக் எதுவும் வராத நேரமாகப் பார்த்து நீட்ட வேண்டும். போன மாதம் நலச்சங்கத்தார் அந்தத் துளைக்கு இரும்பு மூடி போட்டார்கள். பாதுகாப்புக்காக என்றார்கள். கைப்பிடியை வெளிப்பக்கம் வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அந்த மூடியைத் திறந்து சங்கச் செயலாளர் புருஷோத்தமன் உள்ளே எட்டிப் பார்த்தார். கையில் அளவு டேப் இருந்தது.

"என்ன சார் அளக்குறீங்க?" என்று ரேணுகா அடுப்படியிலிருந்து வந்தாள்.

"சம்ப் மேடம். புது அப்பார்ட்மென்ட்ல நூத்தி நாப்பது ஃப்ளாட்டு. லாரித் தண்ணி பிடிச்சு வைக்கத் தொட்டி இல்ல."

"இது வீடு சார்."

"தரைக்குக் கீழ இருக்கு. மேல மூடி இருக்கு. உள்ள சிமென்ட் பூசியிருக்கு." அவர் பொறுமையாக விரல் விட்டு எண்ணினார். "வேற என்ன மேடம் வேணும்?"

"உள்ள ஆளுங்க இருக்கோம்."

"க்ளீன் பண்ணச் சொல்லிடறேன். பதினோரு மணிக்கு லாரி."

மூடி சாத்திக்கொண்டது. ரேணுகா மழையில் நின்று, சிமென்ட் மூட்டைகளைப் பிள்ளைகளைப் போலத் தார்ப்பாய் போர்த்திக் காத்துக் கட்டிய வீடு. இதை விட்டுக்கொடுக்க முடியாது.

"என்னங்க," என்று புருஷனைக் கூப்பிட்டாள். "பட்டா, வீட்டு வரி ரசீது, கரண்ட் கார்டு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க. இது வீடுதான்னு அவங்க கையாலயே எழுதி வாங்கிட்டு வாங்க."

"அரை மணி நேரத்துல வந்துடறேன்," என்று ஏகாம்பரம் சட்டையை மாட்டிக்கொண்டு படியேறி, மேலே போகிறவர் யாரோ திறக்கும்வரை மூடியைத் தட்டி வெளியே போனான்.

நலச்சங்க அலுவலகம் அவள் ஹாலுக்கு நேர் மேலே இருந்தது. போன வாரம் அது ரயில்வே கேட் பக்கம் இருந்தது. ஊர் வளரும்போது இப்படி இடம் மாறும். நாற்காலி இழுபட்டது. பேச்சு தெளிவாகக் கேட்டது.

"எந்த ஃப்ளாட் சார்?"

"ஃப்ளாட் இல்லீங்க. கீழ, சொந்த வீடு."

"கீழ ஒண்ணும் இல்லையே. உக்காருங்க. காபி சாப்பிடறீங்களா?"

இன்னொரு நாற்காலி இழுபட்டது. பிறகு ஏகாம்பரத்தின் குரல், "சக்கரை கம்மியா."

"ஃப்ளாட் நம்பர் எழுதாம காபி தர முடியாது சார். பி பிளாக், நாலாவது மாடி காலியா இருக்கு. எழுதிடட்டுமா?"

பேனா தாளில் உரசும் சத்தம் கேட்டது. கான்கிரீட்டைத் தாண்டிப் பேனா சத்தம் கேட்குமா என்று என்னிடம் கேட்காதீர்கள். ரேணுகாவுக்குக் கேட்டது.

"ஏங்க! கையெழுத்துப் போடாதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"கீழ என்னமோ சத்தம்," என்றான் ஏகாம்பரம்.

"பைப்புல காத்து சார்," என்றார் புருஷோத்தமன்.

பதினோரு மணிக்கு மூடி திறந்தது. தொடை பருமனில் ஒரு குழாய் உள்ளே இறங்கியது. அதற்குப் பின்னால் லாரி டிரைவரின் முகம் தெரிந்தது.

"யக்கா, கொஞ்சம் ஒதுங்கிக்கோ."

"தம்பி, இது வீடுப்பா. ஊத்தாத."

அவன் கையிலிருந்த லோடு சீட்டைப் பார்த்தான். "உன் டோர் நம்பர்தான்கா போட்டுக்கிது. நான் இன்னா பண்ண?"

தண்ணீர் படிப்படியாக இறங்கி ஹாலுக்கு வந்தது. செருப்புகள் முதலில் மிதந்தன. பிறகு முக்காலி மிதந்தது. ஏறி வெளியே போய்விடலாமா என்று ரேணுகா யோசித்தாள். போய்விட்டால் காலியாக இருந்தது என்று எழுதிவிடுவார்கள். ஆள் இருக்கும்வரைதான் இது வீடு. அரிசி டின்னைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, ஹால் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

நாற்காலி மிதக்கத் தொடங்கியபோது எழுந்து நின்றாள். அதோடு குழாயும் மேலே போயிற்று. அந்த இடத்தில் ஏகாம்பரம் எட்டிப் பார்த்தான். கழுத்தில் நீலப் பட்டையில் அடையாள அட்டை தொங்கியது. கையில் நீளமான மூங்கில் கழி.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "வந்துட்டீங்களா! எழுதிக் குடுத்தாங்களா?"

அவன் கண்ணைச் சுருக்கி இருட்டுக்குள் பார்த்தான். கழியை உள்ளே விட்டுத் துழாவினான். அது தரையில் முட்டவில்லை.

"எவ்வளவு இருக்கு?" என்று கேட்டான். கடைக்காரரிடம் விலை கேட்பது போன்ற மரியாதையான குரல்.

ரேணுகா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கேட்டு அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

"இடுப்பு வரைக்கும்."

ஏகாம்பரம் பின்னால் திரும்பினான்.

"பாதிதான் சார் ரொம்பியிருக்கு. இன்னொரு லோடு சொல்லிடுங்க."

பிறகு மூடியைச் சத்தம் வராமல் மெதுவாகச் சாத்தினான்.