கேட்காத துட்டி

ராஜபாளையத்து மில் வேன் கவிழ்ந்ததில் மாரிசெல்விக்குக் கை ஒடிந்தது. பக்கத்தில் இருந்த தோழி ஆனந்தவல்லி அந்த இடத்திலேயே போய்விட்டாள். கை கூடிவிட்டது. மனசுதான் கூடவில்லை. சேத்தூரில் வீட்டு வாசலைத் தாண்ட மாட்டேன் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கவுன்சிலிங் கொடுக்கும் ஜாஸ்மின் கோயம்புத்தூர்க்காரி, தங்கமான பெண். ஆனாலும் படித்த படிப்பு அப்படி! சாவு வீட்டுப் பக்கமே இவளை விடாதீர்கள், பழசெல்லாம் கிளம்பிவிடும் என்று வீட்டாரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வாராவாரம் மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து, வேனைப் பார்த்தால் பயமா, ரோட்டைப் பார்த்தால் பயமா என்று கேட்பாள். இவளும் தலையைத் தலையை ஆட்டுவாள்.

ஒருநாள் ஜாஸ்மினுக்கே அலுத்துப்போய், வெளியே போனால் என்னதான் ஆகிவிடும் என்று கேட்டாள்.

"வெள்ளத்தாய் சித்தி எதுக்க வந்துட்டா? இன்னும் துட்டி கேக்கலயே மேடம். எந்த மூஞ்சிய வச்சுட்டுப் பேச?"

வெள்ளத்தாய் ஆனந்தவல்லியின் அம்மா. சாவு விழுந்த வீட்டுக்குப் போய்க் கட்டியழுது துக்கம் கேட்காதவள் அந்த வீட்டாரிடம் நல்லது பொல்லது எதுவும் பேச முடியாது. எதிரே வந்தால் ஒதுங்கித்தான் போக வேண்டும். ஊர் வழக்கம் அது. ஜாஸ்மினிடம் யார் சொன்னார்கள்? கேட்டிருந்தால்தானே சொல்லியிருப்பார்கள்! மாரிசெல்வி விவரம் சொல்லி, நோய் என்று நினைத்ததில் பாதி தான் போட்ட தடைதான் என்று தெரிந்ததும் அவள் முகம் சுண்டிவிட்டது. தப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு, துட்டி கேட்கக் கூடவே தானும் வருவதாகச் சொன்னாள்.

மாரிசெல்விக்கு அதிலும் ஒரு பயம். வேன் கவிழ்ந்த அன்றைக்கு, குமட்டுகிறது என்று ஆனந்தவல்லியின் ஜன்னல் சீட்டைக் கேட்டு வாங்கியவள் அவள்தான். சித்தி அதைச் சொல்லி விரட்டிவிட்டால்?

இருவரும் வீட்டுக்குள் நுழைந்தபோது வெள்ளத்தாய் 'வா' என்று சொல்லவில்லை. துட்டிக்கு வந்தவர்களை அப்படிக் கூப்பிடுவதில்லை. மாரிசெல்வி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சீட்டு மாறின கதையைச் சொல்லிச் சொல்லியே ஒப்பாரி வைத்தாள். ஜாஸ்மின் பதறி எழுந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, உட்கார்ந்துவிட்டாள். அழுகை ஓய்ந்ததும் வெள்ளத்தாய் முந்தானையால் மாரிசெல்வியின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"நீ சீட்டத்தான கேட்ட. உசுரயா கேட்ட?"

கிளம்பும்போது ஜாஸ்மின் வாய் தவறி, "போயிட்டு வர்றேம்மா" என்றுவிட்டாள். துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவது கிடையாது. மாரிசெல்வி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சொல்லட்டும்ட்டி" என்றாள் வெள்ளத்தாய். "நீயும் சொல்லிட்டுப் போ. இனி எனக்கு யாரு இருக்கா வாரதுக்கு?"

"வாரேன் சித்தி" என்றாள் மாரிசெல்வி.