கலப்புக்கு எடுத்த விதை

தம்பியின் சட்டைக் கழுத்துப் பொத்தான் துளைக்குள் போக மாட்டேன் என்றது. “நேராப் படுடா” என்று பெரியவர் வாய்விட்டே சொல்லிவிட்டார். ஒருவழியாக அதை மாட்டிவிட்டு, கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்து நிமிர்ந்து நின்றார்.

சின்னவன் சோயா விதையின் எடையை ஆராய்ந்தவன். காய்க்குள் விதை வளரும்போதே எந்த மரபணு அதைக் கனக்க வைக்கிறது என்று, பச்சைக் காய்களைப் பறித்துப் பறித்து எடைபோட்டே தலை நரைத்தவன். ஆராய்ச்சியின் தொடக்கத்தில் ஒருநாள் வந்து, “அண்ணே, நம்ம வயல் விதை ஒரு பிடி வேணும்” என்று வாங்கிப் போனான். அதைப் பெரியவர் சொல்லாத கல்யாண வீடில்லை.

இப்போதும் துக்கம் கேட்க வந்த மருந்துக்கடைக்காரரிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். “ஊர் உலகத்துல இல்லாத விதையா? எங்க வீட்டு விதைதான் வேணும்னு நின்னான். அப்படி ஒரு கனம்.”

பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த, சின்னவனின் ஆய்வகத்துப் பெண் ஆறுதலாகத்தான் சொன்னாள். “ஆமாங்கய்யா, உங்க விதை இல்லேன்னா எதுவுமே நடந்திருக்காது. கனமான விதை எங்க வேணா கிடைக்கும். அதோட கலக்க, ரொம்ப லேசானது ஒண்ணு வேணுமே. ரெண்டும் ரெண்டு துருவமா இருந்தாத்தான் பேரப்பிள்ளைச் செடிங்கள்ல எந்த மரபணு எடையைத் தருதுன்னு பிடிக்க முடியும். உங்களுது காய்க்குள்ள பாதியிலேயே வளர்றதை நிறுத்திக்கும். அவ்வளவு லேசு. எங்க தேடியும் அப்படி ஒண்ணு கிடைக்கலைன்னு சார் சொல்வார்.”

மருந்துக்கடைக்காரர் தன் செருப்பைத் தேடத் தொடங்கினார்.

பெரியவர் சமையலறைக்குப் போனார். தம்பி மனைவி ஆறிப்போன டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“விதை விஷயம் உனக்குத் தெரியுமா?”

எந்த விஷயம் என்று அவள் கேட்கவில்லை. “தெரியும் மாமா.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“நீங்க அவ்வளவு பெருமையாச் சொல்றப்ப எப்படி மாமா…”

“நான் போனப்புறம் ரெண்டு பேரும் சிரிப்பீங்களோ?”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “ஆரம்பத்துல சிரிச்சார். அப்புறம் இல்லை. நீங்க விதைப் பேச்சை எடுத்தா, காபி போடவான்னு கேளுன்னு எங்கிட்டச் சொல்லி வச்சிருந்தார்.”

அந்த வீட்டில் குடித்த காபியெல்லாம் பெரியவருக்கு நினைவு வந்தது.

வாசலில் அமரர் ஊர்தி வந்து நிற்கவே பெரியவர் வெளியே வந்தார். அப்போதுதான் வந்து சேர்ந்த சம்பந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “பெரிய இழப்பு. ஆராய்ச்சிக்கே உங்க வீட்டு விதைதானே? அதைச் சொல்லிச் சொல்லித்தானே எங்க பொண்ணைக் கேட்டீங்க!”

ஆய்வகத்துப் பெண் பெரியவரைப் பார்த்தாள்.

“ஆமா. எங்க வீட்டு விதைதான்” என்றார். குரல் கொஞ்சமும் இறங்கவில்லை.

சின்னவனைத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். தலைமாட்டில் அண்ணனுக்கென்று இடம் விட்டு எல்லோரும் ஒதுங்கி உட்கார்ந்தார்கள். பெரியவர் முன்பக்கக் கதவைத் திறந்து ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கதவுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, சாலையைப் பார்த்து, “எடுப்பா” என்றார்.