போயிட்டு வரேன்

சவேரியார் தெருவுக்கு வந்துபோகும் கடல் மரியாதை தெரிந்த கடல். திரும்பும்போதெல்லாம் "போயிட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டுதான் திரும்பும். தெருக்காரர்களும் அப்படி வளர்ந்தவர்கள்தானே, "போயிட்டு வாங்க" என்பார்கள். கடல் சொன்ன சொல் தவறாமல் வரும். ஒவ்வொரு தடவையும் ஒரு வீடு கூடுதலாக உள்ளே வரும்.

ரொம்ப முன்னால் யாரோ ஓர் அதிகாரி வந்து, கரையில் இங்கிலீஷில் ஒரு பலகை நட்டுவிட்டுப் போனார். கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த சூசைதான் அர்த்தம் சொன்னார்: தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும் ஆபத்து. தூரத்தில்தானே என்று தெரு நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டது. அந்தப் பலகை இப்போது மிதந்து வந்து, தனிஸ்லாஸ் வீட்டு முருங்கை மரத்தில் சாய்ந்து கிடக்கிறது.

தனிஸ்லாஸ் தனிக்கட்டை. மனைவி போய்ச்சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் பிலோமினா, கல்யாண விஷயத்தில் அப்பாவோடு முட்டிக்கொண்டு, பெட்டியோடு வாசலில் நின்று "நான் போறேன்" என்றாள். வெறும் போறேன். இவரும் வீம்புக்கு "போ" என்றுவிட்டார். பாழாய்ப்போன வாய்! அவள் அதற்கப்புறம் வரவே இல்லை. போன்கூட இல்லை.

அதனால்தான் தெரு அவரைத் தேடி வந்தது. மற்றவர்கள் கடலிடம் வெறும் 'போ' சொல்ல முயற்சி பண்ணிப் பார்த்தாயிற்று. பழக்கதோஷத்தில் 'வாங்க' தானாக ஒட்டிக்கொள்கிறது. தனிஸ்லாஸ் 'போ' என்று சொன்னால் போனது திரும்பாது. ஒரு தடவை சொன்னால் எல்லார் வீடும் பிழைக்கும் என்று கெஞ்சினார் சூசை. அவர் வீட்டு அடுப்பில் மீன் நீந்திக்கொண்டிருந்தது. தனிஸ்லாஸ் சரி என்றார்.

மறுநாள் காலையில் கடல் அவர் வீட்டுப் படியேறி, கூடத்துக்குள் வந்து, நாற்காலியைச் சுற்றி அமர்ந்தது. அந்த நாற்காலிக்கு ஆள் வந்து எத்தனை காலம்! அவர் இன்னொரு டம்ளரைத் தேடிக் கழுவி டீ ஊற்றி வைத்தார். பேசாமல் பக்கத்தில் ஒருவர் இருப்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

கடல் எழுந்தது. வேலிக்கு வெளியே தெரு மொத்தமும் காத்து நின்றது.

"போயிட்டு வரேன்."

தனிஸ்லாஸ் "போ" என்றார். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் இவரிடம் சொல்லிக்கொண்டு போக இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

"...யிட்டு வா," என்றார். "வரும்போது என் பொண்ணையும் கூட்டிட்டு வா. திருச்சியில இருக்காளாம்."

"திருச்சி தூரமாச்சே," என்றார் சூசை. மத்தியான பஸ்ஸில் சூசையே போய்க் கடலை ஏற்றிவிட்டு வந்தார். ஜன்னலோர சீட்டே கிடைத்ததாம்.

சாயங்காலம் தனிஸ்லாஸின் போன் அடித்தது. பிலோமினாவின் குரல்.

"அப்பா, கடல் வந்திருக்கு. உள்ள வந்து உக்காரச் சொல்லியிருக்கேன்."