சத்தம் புகாத அறையில் ஒரு டிக்

காது பரிசோதனை நிலையத்தில் அவளுக்குக் காது மேடம் என்றுதான் பெயர். தினமும் முதல் நோயாளி வருவதற்கு முன் அவளுக்கு ஒரு வேலை உண்டு. சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். வரவேற்பு மேசைக்காரி வெளியே இயந்திரத்திலிருந்து பீப் ஒலிகளை அனுப்புவாள். கேட்டதும் மேடம் கையிலுள்ள பொத்தானை அழுத்த, வெளியே விளக்கு எரியும். மேடத்தின் காது பிசகாது. அதை வைத்துத்தான் இயந்திரம் சரியா என்று பார்ப்பார்கள். பதினோரு வருடமாக இப்படித்தான்.

மேசைக்காரிக்குப் பட்டாசு என்று பட்டப்பெயர். வாய் ஓயாது. அப்பேர்ப்பட்டவளே ஒரு நாள் அறைக் கதவைத் திறந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அக்கா, நான் இன்னும் மெஷினையே ஆன் பண்ணல. நீங்க பாட்டுக்கு அமுக்கிட்டே இருக்கீங்க."

"டிக் டிக்குனு கேக்குதே."

"என்னத்த கேக்குது? வாங்க, மேல டாக்டர்கிட்ட போவோம்."

மேல்மாடியில் இருந்தவர் இதய டாக்டர். காதுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்கிற ஆளா பட்டாசு? டாக்டர் என்றால் டாக்டர்தான். மேடமும் சிரித்துக்கொண்டேதான் போனாள். மூன்று மாடி ஏறினாலும் மூச்சு வாங்காத மனுஷி.

டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். ஸ்கேன் எடுத்ததும் குட்டு உடைந்தது. இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வால்வு பிறவியிலேயே கோணல். இப்போது தடித்துச் சுருங்கிக் கிடந்தது.

"நெஞ்சைத் திறந்து, உலோக வால்வு வைக்கணும். தள்ளிப் போட்டா ரெண்டு வருஷம் தாங்கினாலே பெரிசு."

"அப்ப அந்த டிக் சத்தம் இதனாலதானா?"

"இல்லம்மா. இதுக்கு உஸ்ஸுனு வேணா கேக்கலாம். டிக்குனு கேக்கிறது உலோக வால்வு வெச்சவங்களுக்குத்தான்."

இன்னும் வைக்காத வால்வு எப்படிச் சத்தம் போடும்? அவளுக்குப் புல்லரித்துப் போனது.

பத்து நாள் அவள் பிடிகொடுக்கவே இல்லை. வெட்டுவதற்குக்கூட அவள் பயப்படவில்லை. இதயத்தைச் சில மணி நேரம் நிறுத்தி வைப்பார்களாம். அதற்குத்தான் பயம்.

"நிறுத்தினது திரும்ப ஓடலன்னா என்னங்க பண்றது?" என்று கணவனிடம் கேட்டாள். அவன் பஸ் டிரைவர். நின்று போன வண்டிகளை எத்தனையோ முறை கிளப்பியவன். அன்று எழுந்து போய் அவளுக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தான்.

பத்து நாளும் காலையில் கண்ணாடி அறையில் அந்த டிக் கேட்டது. நிதானமாக, வலது தோளுக்கு வெகு அருகில். பதினோராம் நாள் அவளுக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. அது அவளேதான். ஆபரேஷன் முடிந்து, பிழைத்து வந்து, இதே நாற்காலியில் உட்காரப்போகிற அவள்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். "நான் பொழைச்சு வந்துட்டேங்க. அங்க உக்காந்திருக்கேன். என் காதால கேட்டேன்."

"உனக்குக் கிறுக்குதான் பிடிச்சிருக்கு," என்றான் அவன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கிறுக்கோ என்னமோ, ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டா சரி."

போட்டாள். மயக்க ஊசி ஏறும்போதுகூடப் பயமே இல்லை. அந்த டிக்கை நினைத்துக்கொண்டே கண்ணை மூடினாள்.

பிழைத்தாள். உலோக வால்வு வீடு முழுக்கக் கேட்டது. கணவன், "இனிமே நீ எங்க ஒளிஞ்சாலும் கண்டுபிடிச்சிடுவேன்," என்று கிண்டல் செய்தான்.

மூன்று மாதம் கழித்து வேலைக்கு வந்ததும் நேராகக் கண்ணாடி அறைக்குள் போனாள். கதவு மூடியது. நெஞ்சுக்குள் டிக், டிக். "வந்துட்டேன் பாத்தியா," என்று வாய்விட்டே சொன்னாள்.

அப்போதுதான் இன்னொன்று கேட்டது. அவளுடையது இரண்டு அடிப்பதற்குள் அது ஒன்று அடித்தது. நிதானமாக, வலது தோளுக்கு வெகு அருகில்.

மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தாள். ஒன்று அவள் நாடியோடு ஒத்துப்போனது. மற்றது ஒத்துப்போகவில்லை, ஒரு நாளும் ஒத்துப்போயிருக்க முடியாது. அப்படியானால் அது அவள் இல்லை. பிழைப்பாய் என்று அவளுக்கு யாரும் சொல்லவே இல்லை. வெறும் கையோடுதான் ஆபரேஷன் மேசையில் போய்ப் படுத்திருக்கிறாள். நினைக்க நினைக்க உள்ளங்கால்வரை சில்லிட்டது.

எழுந்து ஓடிவிடத்தான் நினைத்தாள். ஆனால் யாராயிருந்தால் என்ன, பத்து நாள் கூடவே உட்கார்ந்து அவளைக் கையெழுத்துப் போட வைத்தது அதுதானே. நாற்காலியில் இடப்பக்கமாக ஒதுங்கினாள்.

ஸ்பீக்கரில் பட்டாசின் குரல் வந்தது. "ஏன்க்கா ஓரமா உக்காந்திருக்கீங்க? விழுந்துடப் போறீங்க."

"பரவாயில்ல," என்றாள் மேடம். "எடம் போதும்."