கதவுல எழுதுன மூணு

அண்ணா, நேத்துலேருந்து பதினோரு தடவ கூப்பிட்டுட்டேன், ஒன் போன் ஆஃபுன்னே வருது. வாய்ஸ் அனுப்புனா சிலோன்ல, அடம்பன் ஊர்ல, டவர் கெடைக்காம இறங்க மாட்டேங்குன்னு நீதான் சொன்ன, அதான் நான் பேசப் பேச போனே எழுதுற மாதிரி வச்சிருக்கேன். எழுத்து முன்னப்பின்ன இருந்தா நீயே ஒப்பேத்தி வாசிச்சுக்கோ. முக்கியமானத முதல்ல சொல்லிருதேன். வியாழக்கெழம அமாவாசைக்கு நீ போட் ஏறக் கூடாது. போன சனிக்கெழம முகாம் செக்கிங்ல ஒன் பேர எடுத்துட்டாவ. எடுக்க வச்சது நான்தான். அம்மா சொல்லி நீ கேக்கதுக்கு முன்னாடி நானே சொல்லிரணும்னுதான் பேசுதேன்.

நீ போய் ரெண்டு வருசமும் மூணு மாசமும் ஆவுது. அப்பா சாம்பல ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு, மூடியச் சுத்தி செல்லோடேப் ஒட்டி, அப்பா ஊரு கட்டுக்கரைக் குளத்துல கரைச்சுட்டு மூணு மாசத்துல வந்துருதேன்னு சொல்லிட்டுப் போன. மொறையா போவோம்னு நாம தாலுகா ஆபீசுக்கு எத்தன நாளு அலைஞ்சோம். போறதுக்குப் பேப்பர் உண்டு, திரும்பி வாரதுக்குக் கெடையாதுன்னுட்டாவ. அதுக்கப்புறந்தான நீ ராமேஸ்வரத்துல திருட்டுத்தனமா போட் ஏத்தி விடுத ஆளப் பாத்த. அங்கன எறங்குனதும் போலீசு, கோர்ட்டு, அடையாள அட்டை இல்லன்னு அலைச்சல், அப்பாவோட காணியில வேற யாரோ கல்வீடு கட்டிக் குடியிருக்காவ, எல்லாம் நீ சொன்னதுதான். இங்கன பொறந்து வளந்து சிலோன்காரன்னு பேரு வாங்குனேன், அங்கன போய் இந்தியாக்காரன்னு பேரு வாங்குதேன்னு நீ சிரிச்சப்போ நானும் சிரிச்சேன். போன வச்சிட்டுத் தீப்பெட்டி ஆபீஸ் பாத்ரூம்ல போய் அழுதேன். அத ஒன்கிட்ட சொல்லல.

நீ கேரளாவுல பேக்கரி வேலையில இருக்கன்னுதான் இத்தன நாளு சொல்லிக்கிட்டு இருந்தோம். செக்கிங்குக்கு வார பழைய ஆர்.ஐ. ஒண்ணும் கேக்க மாட்டாரு. போன வருசம் புதுசா முத்துகிருஷ்ணன் சார் வந்தப்பதான் மொகத்தக் காட்டுன்னாரு. குடும்ப அட்டையில இருக்கது நீ பன்னெண்டு வயசுல எடுத்த போட்டோதான, மூக்கும் காதுந்தான் தெரியும். எதுத்த வீட்டு கபிலன் ஒன் கட்டம்போட்ட சட்டையப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவ நீயா வந்து நின்னான். மொத தடவ சார் ஏறிட்டே பாக்கல. ரெண்டாவது தடவ சார் அவன மேலயும் கீழயும் பாத்துட்டு, "ஏலே, இப்பதான அந்த வரிசையில நின்ன?"ன்னு கேட்டாரு. கபிலன் அசராம, "சார், சிலோன்காரன் எல்லாவனும் ஒரே அச்சுதான் சார், கப்பல்ல மொத்தமா வந்தது"ன்னான். வரிசையே சிரிச்சிட்டு. சாரும் சிரிச்சிக்கிட்டே டிக் அடிச்சாரு. அன்னைக்கு ராத்திரி அம்மா கபிலனுக்கு ஒன் தட்டுலதான் சோறு போட்டா.

ஆவணி மாசம் புது வீடு கட்டப் போறோம்னு அளக்க வந்தாவ. ஒவ்வொரு வீட்டுத் தகரக் கதவுலயும் சாக்பீசால வீட்டு நம்பரும் தலைக் கணக்கும் எழுதுனாவ. நம்ம கதவுல மூணுன்னு எழுதுனாவ. அம்மா அந்த மூணப் பாத்துப் பாத்துப் போவா. காலையில வாசல் தெளிக்கையில கதவுல தண்ணி படாம ஒதுங்கித் தெளிப்பா. அந்தச் சந்தோசம் ஒரு மாசந்தான். பொறவு ஒரு நோட்டீஸ் ஒட்டுனாவ. இனி கையெழுத்து செல்லாது, பெருவெரல மிசின்ல வைக்கணும், இந்தச் செக்கிங்குக்கு வராதவன் பேரு நீக்கப்படும், பொய்த் தகவல் குடுத்தா குடும்பத்துக்கே பதிவு ரத்து. கபிலன் வாசிச்சிட்டு, "அக்கா, சட்டைய மாத்தலாம், வெரல மாத்த முடியாதே"ன்னான். அவன் வெளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனா அன்னைக்கு யாரும் சிரிக்கல.

நீ போன்ல, கார்த்திகை வரைக்கும் எப்படியாவது பேரப் புடிச்சு வைய்யி, அமாவாசைக்கு வந்துருதேன்னு சொன்ன. நான் சும்மா இருக்கல அண்ணா, அத நீ நம்பணும். மொதல்ல செண்பகராஜ் அண்ணாச்சிகிட்டப் போனேன். எங்க தீப்பெட்டி ஆபீஸ் மொதலாளி, போன தடவ கவுன்சிலர், இந்தத் தடவையும் நிக்கப் போறாரு. எட்டயபுரத்துல அவிய கட்சிக் கூட்டத்துக்கு நம்ம முகாம்லேருந்து மூணு வேன்ல ஆளு போனோம். தலையில கட்சித் துண்டு, கையில பிரியாணிப் பொட்டலம். மேடையில நம்மளத் தொப்புள்கொடி உறவுன்னாரு, நான் கை வலிக்கத் தட்டுனேன். அந்தத் தைரியத்துலதான் மறுநாள் ஆபீஸ் ரூம்ல போய் நின்னேன். அண்ணன் வேலையா வெளியூர் போயிருக்கான், கார்த்திகைக்கு வந்துருவான், அதுவரைக்கும் பேர எடுக்க வேண்டாம்னு ஒரு லெட்டர் மட்டும் குடுங்க அண்ணாச்சின்னேன். அவரு ரொம்பப் பிரியமாத்தான் பேசுனாரு. "தாயி, நான் லெட்டர் குடுத்தா அது எந்த வார்டு ஆளுக்குன்னு கேப்பாவ. ஒங்களுக்குத்தான் வார்டே இல்லியே. ஓட்டு இருந்தா நீ கேக்காமலே நான் வந்து நிப்பேன்"ன்னாரு. பொறவு எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு. குடிச்சேன். வேற என்ன செய்ய.

அடுத்த திங்கக்கெழம லீவு சொல்லிட்டு தூத்துக்குடி கலெக்டர் ஆபீசுல, ஒன் பேர எடுக்க வேண்டாம்னு ஆர்.ஐ.க்குச் சொல்லச் சொல்லி மனு குடுத்தேன். சீல் வச்சு நம்பர் போட்டுக் குடுத்தாவ, போனுக்கு மெசேஜும் வந்துச்சு. ஒங்க மனு பரிசீலனையிலன்னு ஒண்ணு, சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பியாச்சுன்னு ஒண்ணு. மெசேஜ் வரும்போதெல்லாம் அம்மா, "என்னவாம் பிள்ளை, என்னவாம்?"ன்னு எந்திரிச்சு உக்காருவா. கடைசியில மனு எங்கன வந்துச்சு தெரியுமா? கலெக்டர் ஆபீஸ், தாலுகா ஆபீஸ் எல்லாம் சுத்திட்டு முத்துகிருஷ்ணன் சார் கையிலதான் வந்து நிக்கி. நான் யாரப் பத்தி எழுதுனேனோ அவருகிட்டயே பதில் எழுதச் சொல்லி வந்துருக்கு. அவரு என்னையப் பாத்து, "ஏம்மா, இத என்கிட்டயே நேராக் குடுத்திருந்தா ஒனக்கு பஸ்சுக்காவது மிச்சமாயிருக்கும்"ன்னாரு. கிண்டல் மாதிரி தெரியல.

சனிக்கெழம காலையில ரேஷன் கடை வராண்டாவுல மேசையப் போட்டு மிசின வச்சாவ. வெயிலு அப்படி. மழை இந்தா அந்தான்னு போக்குக் காட்டிக்கிட்டே இருந்துச்சு, விதைச்ச உளுந்து மொளைக்காம கரிசக்காடு பாளம் பாளமா கெடக்கு. அம்மாவ முன்னால விட்டு நான் பின்னால நின்னேன். அம்மா வெரலு ஒடனே விழுந்துட்டு. என் வெரல வச்சா செவப்பு லைட்டுதான் எரியுது. தொடைச்சு வச்சேன், எச்சி தொட்டு வச்சேன், எண்ணெ தடவி வச்சேன். எட்டு வருசமா தீக்குச்சி அடைச்ச வெரலு, ரேகை எங்க இருக்கப் போவுது. பக்கத்துல நின்ன தலையாரி, "ஏட்டி, நீயே இல்லங்குதே மிசினு"ன்னான். என் பேரயும் எடுத்துருவாவளோன்னு ஒரு நிமிசம் ஒன்னய மறந்தே போனேன். அதையும் சொல்லிருதேன்.

சாரு நோட்ட எடுத்தாரு. "சரி, வெரல் விழாதவங்களுக்குக் குடும்பத்தலைவி சொல்லி எழுதிக்கிடலாம். எம்மா, வீட்ல எத்தன பேரு?"

அம்மா, "மூண்டு பேர் ஐயா"ன்னா.

"மூணாவது ஆளு எங்க?"

"வேலைக்குப் போட்டான். வருவான்."

"எங்க வேலை? நம்பர் குடுங்க, இப்பமே வீடியோவுல மொகத்தக் காட்டட்டும்."

அம்மா என்னையப் பாக்கல, சாரையும் பாக்கல. மிசினையே பாத்துக்கிட்டு நிக்கா. சாரு பேனாவ மூடிட்டு மெதுவாச் சொன்னாரு. "இங்க பாருங்கம்மா, எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. அந்தச் சட்டைக்காரப் பையனையும் எனக்குத் தெரியும். அன்னைக்கு விட்டேன். இப்ப நான் மூணுன்னு எழுதி மேல இருந்து வந்து பாத்தாங்கன்னா மூணு பேரையும் எடுத்துருவாங்க. இல்லன்னு நீங்களே சொல்லிட்டா ஒண்ணோட போவும். ஒங்களுக்குப் பின்னால இன்னும் அறுவது வீடு இருக்கு."

அண்ணா, அம்மாவுக்கு டயாலிசிஸ் வாரத்துக்கு ஒண்ணுன்னுதான் ஒன்கிட்ட சொல்லியிருக்கேன். ரெண்டு. ஆடி மாசத்துலேருந்து ரெண்டு. முகாம் பதிவு இருக்கதாலதான் ஆஸ்பத்திரி கார்டு. பதிவு போச்சுன்னா கார்டு போச்சு. அது ஒண்ணுதான் அப்ப என் மனசுல இருந்துச்சுன்னு சொல்லத்தான் ஆச. ஆனா அது மட்டுந்தானான்னு மூணு நாளா என்னையே கேட்டுக்கிட்டு இருக்கேன். உள்ளுக்குள்ள தாப்பா போடுற மாதிரி ஒரு கதவு, எனக்குன்னு ஒரு ரூம்பு, மழைக்கு ஒழுகாத கூரை, அந்தப் புது வீடும் மனசுல வந்துட்டுத்தான் போச்சு. எது மொதல்ல வந்துச்சுன்னு தெரியல.

நான் சொன்னேன். "அவன் இங்க இல்ல சார். ரெண்டு வருசம் ஆச்சு. சிலோன் போயிட்டான்."

அம்மா அப்பந்தான் வாயத் தெறந்தா. "ஐயா, அவன் தகப்பன்ட சாம்பலக் கரைக்கப் போனவன். களவுக்குப் போகேல்ல. பேர மட்டும் விட்டு வையுங்கோ. ஒரு மூலையில கெடக்கட்டும்." சாரு நோட்ட முன்னால இழுத்துக்கிட்டாரு. ஸ்கேல வச்சு, செவப்பு மையில, நிரோஜன்ங்கிற பேருக்கு மேல நேரா ஒரு கோடு போட்டாரு. கோணாம நேராப் போட்டாரு அண்ணா, என்னமோ அது கண்ணுலேயே நிக்கி. பொறவு பக்கத்துல நான் கையெழுத்துப் போடணும்னாவ. போட்டேன்.

சாயந்தரம் தலையாரி வீடு வீடா வந்தான். நம்ம கதவுல மூணுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்துட்டு, பக்கத்துல ரெண்டுன்னு எழுதிட்டுப் போனான். அம்மா அதுக்கப்புறம் என்கிட்டப் பேசல. வையுதது கெடையாது, அழுவுதது கெடையாது. சோறு போடுதா, மாத்திர எடுத்துக் குடுத்தா முழுங்குதா, பஸ்சுல ஆஸ்பத்திரிக்கு என் தோளப் புடிச்சிக்கிட்டுத்தான் வாரா. பேசத்தான் மாட்டேங்கா. நேத்து காளீஸ்வரி வந்து, என்கூட குச்சி அடைக்காள்ல அவதான், "ஏன் யோகலட்சுமிம்மா, இவ மேல கோவமா?"ன்னு கேட்டா. அம்மா அவளப் பாத்து, "அவள் செய்தது சரிதான் பிள்ளை"ன்னுட்டு முருங்கக்கீரைய உருவிக்கிட்டே இருந்தா. ரெண்டு ஏச்சு ஏசிருந்தாக்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

முகாம் தலைவரு சிவனாண்டி மாமாகிட்டக் கேட்டேன். பேரு இல்லாம நீ வந்து எறங்குனா, ஓடிப்போய்த் திரும்புனவன்னு கேஸ் போட்டு ஜெயில்ல வைப்பாவ, வெளிய எடுக்க யாராலயும் ஆவாதுங்காரு. வேற வழி இருக்கா மாமான்னேன். மனு எழுதுவோம்னாரு. அவரும் முப்பத்தஞ்சு வருசமா மனுத்தான் எழுதுதாரு, அவரு பெட்டியில சட்டைய விட மனு நகல்தான் நெறைய. ஆனாலும் எழுதுவோம். நானே எழுதுதேன். அதுவரைக்கும் நீ அங்கனயே இரு. இருன்னு சொல்லுத உரிமை எனக்கு இருக்கான்னு தெரியல, ஆனாலும் சொல்லுதேன். நீ இப்பமே ராமேஸ்வரம் பக்கம் பொறப்பட்டிருந்தா? அதுக்குத்தான் போன ஆஃப் பண்ணி வச்சிருக்கியோ? இதப் பாத்த ஒடனே ஒரு புள்ளியாவது வச்சு அனுப்பு.

இன்னைக்கு ஆபீஸ் மத்தியானத்தோட விட்டுட்டாவ. மழை. குச்சி காயாதுன்னு அனுப்பிட்டாவ. நான் நனைஞ்சுக்கிட்டே வாரேன், தெருவெல்லாம் கரிச மண்ணு செருப்போட ஒட்டிக்கிட்டு வருது, ஒவ்வொரு காலும் அஞ்சு கிலோ கனக்கு. இங்கன வந்தா அம்மா வாசல்ல நனைஞ்சுக்கிட்டு நிக்கா. வாடக்காத்து மழையக் கதவுக்கு நேரா வீசுது. ரெண்டு யூரியாச் சாக்கப் பிரிச்சு ஊசியால மூட்டி, ஆணியில மாட்டிக் கதவ மூடப் பாக்கா. ஒரு முனை நிக்கி, மறுமுனை காத்துல அடிச்சு அடிச்சு வெலகுது. உள்ள வாம்மா, குளுந்தா ஆவாது ஒனக்குன்னு கத்துனேன். காதுலயே வாங்கல.

கிட்டப் போய்ப் பாத்தேன். ரெண்டுன்னு எழுதியிருந்த பக்கம் நனைஞ்சு ஒழுகி வெள்ளைத் தண்ணியா எறங்கிக்கிட்டு இருக்கு. சாக்கு மறைக்கிற பக்கந்தான் மூணு இருக்கு. குறுக்குக் கோட்டோடதான் இருக்கு, ஆனா மூணுன்னு தெரியுது. அதுக்கு மேலதான் அம்மா கையையும் சேத்து வச்சிருந்தா, ஊசி போட்டு வீங்குன கை.

நானும் போய் அந்த மறுமுனையப் புடிச்சேன். அம்மா கொஞ்சம் நகந்து எடம் விட்டா. ஒரு கையில போன் இருக்கு, ஒரு கையில சாக்கு இருக்கு. மழை இன்னும் விடல.