ஏழும் எட்டும் பதினாலு

“குச்சியைத் தள்ளிக் குத்திட்ட. திருட்டுப்பய.”

“யாருடா திருடன்? ஏழும் எட்டும் பதினஞ்சு. அதுக்குப் புள்ளி உண்டு, நகர்த்தினேன்.”

“பதினாலு.”

“என்னது?”

“ஏழும் எட்டும் பதினாலு. போய் உங்கப்பன்கிட்ட கேளு.”

“எங்கப்பன் செத்து முப்பது வருஷமாச்சு. சவப்பெட்டியைத் தூக்குனதே நீதான்.”

டுலூத் நகரத்து முதியோர் இல்லத்தின் முன்கூடத்தில் நேர்முகத்துக்குக் காத்திருந்த டார்லாவுக்கு, சீட்டாடும் இரண்டு கிழவர்களின் சண்டையைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தில் அவள் மாமனார் வீட்டிலும் ஞாயிறு மதியம் இதே கிரிபேஜ் சீட்டுதான், பலகை ஓட்டையில் குச்சியை நகர்த்தி இதே சண்டைதான்.

சிரித்துப் பல நாளாகியிருந்தது. ஒன்பது வருஷம் வார்டில் வேலை பார்த்த நர்ஸ் அவள். கணவன் லைலுக்கு இங்கே துறைமுகத்தில் வேலை கிடைத்ததென்று மூட்டை கட்டி வந்த பிறகுதான் தெரிந்தது, அவளுடைய லைசென்ஸ் பல மாநிலங்களில் செல்லும், இங்கே செல்லாது என்று. புதிதாக விண்ணப்பித்திருந்தாள். பெரிய ஆஸ்பத்திரிகளோ, படிவத்தில் இரண்டு வருடப் பட்டம் என்று போட்டதுமே, நான்கு வருடப் பட்டம் வேண்டுமென்று மறுத்துவிட்டன. பதினோரு மறுப்பு. இந்த இடமும் இல்லையென்றால் ஏதாவது கடையில் கல்லாவில் நிற்கிறேன் என்று காலையில்தான் லைலிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

பதினாலா?

அவள் சிரிப்பு நின்றது. கிரிபேஜ் ஆடுகிறவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதினைந்து என்பான். ஆட்டமே அந்தப் பதினைந்தில்தான் இருக்கிறது. எழுந்து அருகே போனாள். கூடம் சில்லென்று இருந்தது, ஆனால் கத்தின கிழவரின் நெற்றியெல்லாம் வியர்வை. சீட்டு பிடித்த விரல்கள் நடுங்கின.

“ஐயா, இவரு எப்பவும் இப்படித்தான் சண்டை போடுவாரா?”

“ஆர்வில்லா?” என்றார் மற்றவர், மெல்வின். “நான் தப்பா ஆடுனாக்கூட அவரு மன்னிப்பு கேப்பாரும்மா. இன்னைக்கு என்னமோ பேய் புடிச்சிருக்கு.”

“சர்க்கரைக்கு ஊசி போடுறாரா?”

“காலைல போட்டாங்க. முட்டை ஆறிப்போச்சுன்னு தட்டைத் தள்ளிட்டு வந்துட்டாரு.”

நாடி பார்க்கப் போன கையை டார்லா கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இந்த ஊரில் அவள் இன்னும் நர்ஸ் இல்லை. முன்மேசைப் பெண்ணைப் பார்த்துச் சொன்னாள்: “நர்ஸைக் கூப்பிடும்மா. சர்க்கரை பாக்கணும். ஆரஞ்சு ஜூஸும் கொண்டு வரச் சொல்லு. இப்பவே.”

ஓடி வந்தது நர்ஸ்களின் தலைவி பெவ். கருவி நாற்பத்தாறு காட்டியது; எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. ஒரு டம்ளர் ஜூஸ், கால் மணி நேரம். கிழவர் முகத்தில் தெளிவு வந்தது.

“நீ யாரும்மா?” என்றாள் பெவ்.

“பதினோரு மணி இன்டர்வியூ, மேடம். லைசென்ஸ் இன்னும் வரல, அதான் தொடல. படிச்சது ரெண்டு வருஷப் பட்டம். அதையும் இப்பவே சொல்லிடுறேன்.”

“நானும் அதான் படிச்சேன். லைசென்ஸ் வந்த மறுநாள் ஆறரைக்கு வந்து நில்லு.”

பின்னால் மெல்வின் கேட்டார்: “டேய், ஏழும் எட்டும்?”

“பதினஞ்சு. அதுக்கு ரெண்டு புள்ளி,” என்றார் ஆர்வில். “நீ எதுக்கு மூணு ஓட்டை நகர்த்தினே?”

மெல்வின் குச்சியைப் பிடுங்கி ஒரு ஓட்டை பின்னால் குத்தினார்.

பத்தொன்பதாம் நாள் டார்லாவுக்கு லைசென்ஸ் வந்தது. அவளோடு படித்த ஜோலீன், அதே இரண்டு வருடப் பட்டத்தோடு, அடுத்த மாதம் இங்கே குடிவருகிறாள். இந்தப் பக்கம் அப்படிப்பட்டவர்களை எடுக்கிற இடமோ, நேரில் போய்ப் பார்க்க வேண்டிய ஆளோ தெரிந்தால் தயவுசெய்து கீழே எழுதுங்கள்.